நாலு வரிசை ரேடியேட்டர்

மலைமேல் இருக்கிற மாட்டுக்காரர்கள் அவரை நீராவி என்றுதான் சொல்வார்கள். நேரில் கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில் நிதானமானவர், நம்பகமானவர் என்றெல்லாம் அச்சடித்திருந்தார்கள். அப்படி அவரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. மேட்டுச் சாலையில் பாதி வழியில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆவிக்கு நடுவில் வாளியும் கையுமாக நிற்கிற மனிதருக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? நானாக இருந்தாலும் இதைத்தான் வைத்திருப்பேன் என்று அவரே சொல்வார்.

அவருடைய மனைவி கால்நடை மருத்துவர். மலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற தொழுவங்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். அந்தக் கரடுமுரடான சாலையில் சாதாரணக் கார் ஏறாது. அலுவலகத்திலும் அப்போது வண்டி கிடையாது. ஆகவே நம் நீராவி, ஓய்வு பெற்ற கையோடு, வாங்கும்போதே நடுவயதைத் தாண்டிவிட்ட ஒரு ஃபோர்வீல் ஜீப்பை வாங்கி, தன்னைத்தானே டிரைவராக நியமித்துக்கொண்டார். முதல் நாள் ஒரு தொழுவத்தில் "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "நான் டாக்டரோட டிரைவர்" என்று விளையாட்டாகச் சொல்லி வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வண்டி வாசலைத் தாண்டினால் அவர் டிரைவர், மனைவி டாக்டர். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் மறுபடி கணவன் மனைவி.

உண்மையைச் சொன்னால் டிரைவராக இருப்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் "மோட்டார் போட்டீங்களா", "கேஸ் தீரப் போகுது" என்ற அளவில்தான். டாக்டர் போனில் இருப்பார். இவர் டிவி முன்னால் இருப்பார். ஆனால் மலைச் சாலையில் போன் எடுக்காது. ஜீப்பில் ரேடியோ செத்துப் பல வருஷம் ஆயிற்று. வேறு வழியில்லாமல் டாக்டர் பேச ஆரம்பிப்பார். கொடியில் காயும் சட்டையைத் தின்கிற மாடு, மேலதிகாரியின் புது மீசை, சின்ன வயதில் தான் நடனம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது என்று எங்கெங்கோ போகும் பேச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனைவியைப் புதிதாகத் தெரிந்துகொள்கிற சந்தோஷம் அவருக்கு அந்த முன்சீட்டில்தான் கிடைத்தது. அதை இழந்துவிடுவோமோ என்று அவருக்கு உள்ளூர பயம் இருந்தது. பயத்துக்குக் காரணமும் வந்து சேர்ந்தது.

அலுவலகத்துக்குப் புது வண்டி வந்திருந்தது. ஏசி உண்டு, சம்பளத்துக்கு ஒரு நிஜ டிரைவரும் உண்டு. "எங்க வண்டியே போதும் சார்" என்று டாக்டர் அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தார். சொன்ன வாய் மூடுவதற்குள் ஜீப் ஒரே மாதத்தில் இரண்டு முறை கொதித்து நின்றது. இரண்டாவது முறை, காய்ச்சலில் கிடந்த ஒரு கன்று அவர்கள் போய்ச் சேருவதற்குள் செத்துப்போனது.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகு மனைவி சொன்னார். "ஏங்க, இன்னொரு தடவ நின்னா நான் ஆபீஸ் வண்டிய வாங்கிக்குவேன். உங்க மேல கோபம் இல்ல. ஆனா மாடு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார்.

மறுநாளே நீராவி புது ரேடியேட்டர் தேடக் கிளம்பினார். பழையது ஏற்கெனவே உடம்பெல்லாம் ஈயப் பற்று வைத்த கிழம். பச்சைப் பச்சையாக உப்புப் பூத்து, மூலையில் கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் அவர் சரியாகத்தான் இருந்தார். அவர் சரியாக இருந்தது அத்தோடு முடிந்தது.

முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விண்ணப்பங்களைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர் அவர். அந்தப் புத்தியை ரேடியேட்டர் மேலும் காட்டினார். அலுமினியத்தில் மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி வைத்ததைக் காட்டினார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேருகிற இடத்தில் வெடிக்கும் என்று தள்ளினார். முழுக்க அலுமினியத்தில் ஒன்று வந்தது. மலைச் சாலையின் குலுக்கலில் விரிசல் விட்டால் பற்றவைக்க ஆள் கிடைக்காது என்று அதையும் தள்ளினார். உடைத்த வண்டியிலிருந்து கழற்றியதை ஒருவன் கொண்டுவந்தான். அதன் பூர்வோத்தரம் கேட்டதில் அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். கடைசியில் தாமிரமும் பித்தளையும்தான் என்று முடிவானது. கனம்தான், ஆனால் எந்த ஊரிலும் ஈயம் வைத்து அடைத்துவிடலாம். இந்த முடிவுக்கு வருவதற்குள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லாமல் போயிற்று. பழைய ரேடியேட்டரின் அச்சை அட்டையில் வெட்டி அங்கே பரப்பியிருந்தார். நீளம், அகலம், போல்ட் துளைகள், மேல் குழாயின் வாய், கீழ்க் குழாயின் வாய் எல்லாம் அதில் இருந்தன. தடிமன் மட்டும் இல்லை. அட்டைக்கு ஏது தடிமன்?

பழைய வண்டிச் சாமான் கடைக்காரர், கழுத்தில் துண்டும் காதில் பென்சிலுமாக, அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி ஓடுற குழாய் இதுல மூணு வரிசைதான் சார் வரும்."

"நாலு வரிசை இருக்கா?"

"இருக்கு. அது லாரி மாதிரி பெரிய வண்டிக்குப் போடுறது. துளையெல்லாம் ஒண்ணுதான். ஆனா தடிமனா இருக்கும்."

"தடிமனா இருந்தா நல்லதுதானே? தண்ணி ஜாஸ்தி பிடிக்கும்."

கடைக்காரருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று நாலு வரிசையை எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். வழக்கமான மெக்கானிக் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தான். இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் புது ரேடியேட்டரை மடியில் வைத்துக்கொண்டு பொறுத்திருக்க நம் ஆளால் முடியுமா? பிறந்த குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்குங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

மாட்டுவதற்கு உதவ மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். அவன் வீடு வீடாகத் தண்ணீர் ஃபில்டர் விற்கிறவன். உலகத்தில் தண்ணீர் சம்பந்தப்பட்ட எதுவும் தன் இலாகா என்று நினைப்பவன். குளம், குழாய், குடல், ரேடியேட்டர் எல்லாம் அவனுக்கு ஒன்றுதான்.

பழையதைக் கழற்றி, புதியதை இறக்கிப் பார்த்தார்கள். போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தின. ஆனால் ரேடியேட்டரின் பின்பக்கம், விசிறியைச் சுற்றி வளையமாக நிற்கிற தகரக் கூடு, விசிறியின் இறக்கையில் போய் இடித்தது. தடிமனான ரேடியேட்டர் அதைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தது.

"இந்தத் தகரம் எதுக்கு மச்சான்?" என்றார் நீராவி.

மைத்துனனுக்கு எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லி வழக்கமில்லை. "விரல் மாட்டிக்காம இருக்கறதுக்கு மாமா. சின்னப் பசங்க கைய விட்டுடுவாங்கள்ல? நம்ம வண்டில யாரு கைய விடப் போறா? கழட்டிப் போடுங்க."

"அப்ப, நாம ஜாக்கிரதையா இருந்தா போதும்ங்கற?"

"அவ்வளவுதான்."

இரண்டு பேரும் ரொம்ப ஜாக்கிரதையாக அந்தக் கூட்டைக் கழற்றினார்கள். இப்போது ரேடியேட்டர் அழகாக உட்கார்ந்தது. விசிறி தடையில்லாமல் சுற்றியது. தங்கள் வேலையைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்கள். மைத்துனன் போட்டோகூட எடுத்துக்கொண்டான்.

சோதனை ஓட்டத்துக்கு நெடுஞ்சாலைக்குப் போனார்கள். அந்தச் சாலையில் ஒரு மேடு கிடையாது. எதிர்காற்று முகத்தில் அறைய அறைய, ஜீப்பால் முடிந்த வேகத்தில் ஓட்டினார். வெப்பமானியின் முள் பாதிக்குக் கீழேயே தூங்கிக்கொண்டிருந்தது. நீராவிக்குப் பெருமை தாங்கவில்லை. போகிற வழியில் பெட்ரோல் போடுகிற பெண்ணிடம், டோலில் சீட்டு கிழிப்பவரிடம், பின்னால் ஹாரன் அடித்தவரிடம்கூட நாலு வரிசை என்று சொன்னார். இனிமேல் பேரை மாற்றிக் கூப்பிடும்படி மலையில் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் காலையில் அழைப்பு வந்தது. மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற தொழுவத்தில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே நிற்கிறது, ராத்திரியிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டார்.

"போயிடுவோமா டிரைவர்?"

"நாலு வரிசை டாக்டர்!"

அடிவாரம் வரை ராஜநடை. மேடு தொடங்கியதும் முதல் கியரில் மாட்டு வேகத்துக்கு வந்தது வண்டி. பின்னாலிருந்து வெயிலோடு காற்றும் தள்ளியது. மூன்றாவது வளைவில் முள் பாதியைத் தொட்டது. சின்னதாக எழுந்த சந்தேகத்தை அவர் தள்ளினார். ஐந்தாவது வளைவில் முக்கால். வண்டிக்குள் சூடு போடுகிற ஹீட்டரைத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூடு கொஞ்சம் அந்த வழியே வெளியேறும் என்று எங்கேயோ பார்த்திருந்தார். திருகினார். கொளுத்துகிற வெயிலில், முகத்துக்கு நேரே அடுப்பைத் திறந்துவைத்தது போல் அனல் அடித்தது. டாக்டர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னால் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று இவருக்குத் தெரியும். ஆகவே இவர் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஏழாவது வளைவில் முள் சிவப்பைத் தாண்டிப் போய்ப் படுத்துக்கொண்டது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி புறப்பட்டது. வண்டி நின்றது.

இத்தனை வருஷத்தில் எத்தனை விபத்து விண்ணப்பங்களில் "உரிமையாளரின் கவனக்குறைவு" என்று எழுதிப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்! அந்த உரிமையாளர்கள் எல்லாரும் சாலையோரத்தில் வரிசையாக நின்று சிரிப்பது போல் இருந்தது அவருக்கு. தன் விண்ணப்பம் தன் மேஜைக்கு வந்திருந்தால் அரை நிமிஷத்தில் தள்ளியிருப்பார்.

டாக்டர் இறங்கிப் பையைத் தோளில் மாட்டினார். "நான் நடக்கறேன். அரை மணி நேரம் ஆகும்." பின்சீட்டில் கன்று இழுக்கிற கயிறுகளும், ஒரு டப்பா மருந்தும், வாளியும் கிடந்தன. ஒரே ஆள் தூக்கக்கூடிய சுமை இல்லை. டிரைவராக இருந்தால் வண்டியோடு இருக்க வேண்டும். வண்டிதான் ஓடவில்லையே. அவர் மீதியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

அவருக்கு மாடு என்றால் பயம். இது மலைக்கே தெரியாத ரகசியம். எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் வண்டி சூடாக இருக்கிறது, பார்த்துக்கொள்கிறேன் என்று வெளியிலேயே நின்றுவிடுவார். இந்த வண்டி எப்போதும் சூடாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று சாக்குச் சொல்ல வண்டி இல்லை. மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்ததும், மாட்டுக்காரப் பெண்மணி அவரைத் தொழுவத்துக்குள் தள்ளிவிட்டார். "நீராவி அண்ணே, வால புடிங்க!"

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் வாலைப் பிடித்தார். பசு தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மூடிய கண்ணோடு வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிடக் கேவலமான நிலை எதுவும் இல்லை என்று தோன்றியதால் திறந்தார்.

டாக்டர் தரையில், சாணிக்கும் ஈர வைக்கோலுக்கும் நடுவில் பக்கவாட்டில் படுத்திருந்தார். கை தோள் வரை உள்ளே போயிருந்தது. கண்கள் எதையும் பார்க்கவில்லை. விரல் நுனியால் உள்ளே எதையோ படித்துக்கொண்டிருந்தார். "இருடா, இருடா தங்கம், காலக் குடு" என்று பிறக்காத கன்றோடு பேசினார். பசு முக்கும்போது அவர் கை நெரிபட்டு முகம் சுருங்கியது. கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை. இத்தனை வருஷமும் வெளியில் நின்று ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம், இவள் உள்ளே இப்படியா கிடந்திருக்கிறாள் என்று நினைத்தார் நீராவி. வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இந்தப் பெருமைக்கு முன்னால் நாலு வரிசைப் பெருமை எல்லாம் தூசி.

"இழுங்க!" என்றார் டாக்டர். இவர் வாலை இழுத்தார்.

"வால இல்ல, கயித்த!"

கயிற்றை இழுத்தார். இரண்டு குளம்பு வந்தது, மூக்கு வந்தது, பிறகு ஒரு பெரிய வழுவழுப்பான மூட்டையாகக் கன்று முழுக்க அவர் மேலேயே வந்து விழுந்தது. அசையாமல் கிடந்தது. டாக்டர் அதன் வாயைத் துடைத்து, மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்தார். கன்று தும்மியது. தும்மியது நீராவியின் முகத்தில்.

"கொஞ்சம் லேட்டாயிருந்தா போயிருக்கும்" என்றார் டாக்டர் மாட்டுக்காரப் பெண்மணியிடம். குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அது நீராவிக்கு நேராக நெஞ்சில் இறங்கியது.

சாயங்காலம் இருவரும் ஜீப்புக்கு இறங்கி வந்தார்கள். எஞ்சின் ஆறியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தார். ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்ததால், தடுப்பூசி நோட்டீஸ் ஒன்றை எடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தார். நடுவில் வைத்தால் விசிறி உறிஞ்சி, காகிதம் அப்படியே ஒட்டிக்கொண்டது. மேல் மூலையில் வைத்தார், விழுந்தது. கீழ் மூலை, விழுந்தது. விசிறிக்கு நேரே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மட்டும்தான் காற்று போனது. மற்ற மூலைகளுக்கெல்லாம் காற்றை இழுத்துக் கொடுக்கத்தான் அந்தத் தகரக் கூடு. நெடுஞ்சாலையில் எதிர்காற்று அந்த வேலையைச் செய்துவிட்டது. மேட்டில் செய்ய யாரும் இல்லை.

"என்ன பண்றீங்க?" என்றார் மனைவி. இன்னும் வீடு வரவில்லை, செருப்பும் காலில்தான் இருந்தது. ஆனால் டிரைவர் என்று அவர் கூப்பிடவில்லை.

"என் முட்டாள்தனத்த அளந்துக்கிட்டு இருக்கேன். நாலு வரிசை வந்திருக்கு." மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அட்டை, தடிமன், விரல் மாட்டாமல் இருக்கிற தகரம், மைத்துனன் எடுத்த போட்டோ வரைக்கும்.

"என் தம்பி பேச்சையா கேட்டீங்க? அவன் வித்த ஃபில்டர்ல நம்ம வீட்டுக்கே இன்னும் தண்ணி வரல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நீராவி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். தொழுவத்திலிருந்து இறங்குகிற வழியெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். "ஆபீஸ் வண்டிய வாங்கிக்கோ. நான் இன்னைக்குப் பாத்தேன். உன் வேலைக்கு நடுவுல என் ஆசையக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. உன்கூட பேசிக்கிட்டே வரணும்னுதான் இவ்வளவும் பண்ணேன். வேற ஒண்ணும் இல்ல."

இவ்வளவு பெரிய தியாகத்தை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை. மனைவி கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தார்.

"போன வாரமே கையெழுத்து போட்டுட்டேங்க" என்றார் மனைவி. "செத்துப்போன அந்தக் கன்னு கண்ணுலயே நின்னுச்சு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து வண்டி வருது. நீங்க ரேடியேட்டர் வாங்கிட்டு வந்த அன்னைக்குச் சொல்லத்தான் வாசல்ல நின்னேன். நீங்க அத ஏந்திக்கிட்டு வந்த மாதிரி என்னைக்கூட ஏந்துனதில்ல. எனக்கு வாய் வரல."

நீராவி ரேடியேட்டரைப் பார்த்தார். போட்டியே முடிந்த பிறகு இத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறார். மைத்துனனோடு மாட்டியது, நெடுஞ்சாலையில் பறந்தது, கண்டவரிடமெல்லாம் நாலு வரிசை என்று சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தது. தியாகம் செய்கிற வாய்ப்பைக்கூடத் தாமதமாகவே வந்து பிடித்திருக்கிறார். வருத்தமாகத்தான் இருந்தது. மலைச் சாலையில் அந்த முன்சீட்டில் இனி அவள் உட்கார மாட்டாள்.

மனைவி பானெட்டை மூடிவிட்டு அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். "அந்த டிரைவர் சின்னப் பையன். பாட்டு போட்டுக்கிட்டே ஓட்டுவானாம். நான் யாருகிட்ட பேசறது?" கொஞ்சம் நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. மாடே இல்லாத ஊருக்கு ஒரு தடவ போகலாம். இந்த வண்டியிலதான். அவசரம் இல்ல. கொதிச்சா இறங்கி உக்காரலாம். எங்கன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஒரு ரேடியேட்டரைத் தேர்ந்தெடுக்க ஊரையே உலுக்கியவர், இதற்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "கடலுக்கு" என்றார். "அதுவரைக்கும் முழுக்க இறக்கம்தான். வண்டி கொதிக்கவே கொதிக்காது."

"திரும்பி வரணுமேங்க?" என்றார் மனைவி.

அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.